விருப்பமின்மைக் கடிதம்

எட்டு பத்துக்கு வரவேண்டிய பஸ் எட்டே காலுக்கு வந்து, வந்த கையோடு டிரைவர் டீ குடிக்க இறங்கிப் போய்விட, அமலோற்பவம் வலது பக்கம் மூன்றாவது ஜன்னலோரமாக உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பைக்குள் பதினோரு தாள் இருந்தது. தாளுக்கு என்ன கனம், சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் அதைவிட எத்தனையோ கனம், ஆனாலும் கைக்கு என்னவோ தாள்தான் தெரிந்தது. பதினொன்றிலும் ஒரே வாசகம். கல்விச் சுற்றுலாவுக்கு என் மகனை, ஒரு சாய்கோடு, மகளை, அனுப்ப எனக்கு விருப்பம் இல்லை என்பதைத் தங்களுக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன், இப்படிக்கு, அப்புறம் ஒரு வரிசைப் புள்ளி. பணிவுடன் என்று போட்டது அவள்தான். வட்டாரக் கல்வி அலுவலகத்து கிளார்க் தனுஷ்கோடி வாட்ஸப்பில் அனுப்பிய மாதிரியில் அந்தச் சொல் கிடையாது. விருப்பம் இல்லாதவனும் பணிவாகத்தான் இருக்கவேண்டும் என்று முப்பது வருஷ உத்தியோகத்தில் கை தானாகப் பழகிவிட்டது. நேற்றுச் சாயங்காலம் ஜெராக்ஸ் கடைக்காரர் தாளைத் தூக்கிப் பார்த்து, "என்ன டீச்சர், பதினோரு பேருக்கும் ஒண்ணுபோலயா விருப்பம் இல்லாமப் போச்சு?" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். ஏன் சிரித்தோம் என்று ராத்திரி படுக்கும்போது வந்த கேள்வி இன்னும் போகவில்லை, பஸ்ஸிலும் கூடவே ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. சிரிக்காமல் முறைத்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும், அவர் பிரதி எடுக்காமலா இருந்திருப்பார். டிரைவர் வந்து ஏறினார், பஸ் ஒரு முறை உதறிக்கொண்டு கிளம்பியது.

முள்ளிக்குண்டு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளிக்கு அவள் தலைமையாசிரியை. தலைமை என்றால் பெரிய படை இல்லை, எட்டு வகுப்புக்கும் சேர்த்து முப்பத்தெட்டுப் பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள், அதில் ஒருத்தரை டவுன் பள்ளிக்கு மாற்றுப்பணி என்று தூக்கிக்கொண்டு போய் வருஷம் ஒன்றாகிறது. படிக்க வைக்கிற வேலையைவிடப் பதில் சொல்கிற வேலைதான் அங்கே அதிகம். காலையில் பிரார்த்தனை முடிவதற்குள் தலைமையாசிரியர்களின் வாட்ஸப் குழுவில் செய்தி வந்து குவியும். உங்கள் பள்ளியில் விழும் நிலையில் மரம் எத்தனை, இடிக்கவேண்டிய கட்டடம் எத்தனை, வளாகத்துக்குள் பாம்பு நடமாட்டம் உண்டா, உடனடி, மிக அவசரம், இன்று மாலைக்குள். உண்டு என்று சொன்னவள் தொலைந்தாள். படம் எடு, நீளம் அகலம் போடு, மூன்று நகல் கொண்டுவா, நேரில் வா. முதல் வருஷம் சமையல்கூடச் சுவர் விரிசலை உண்டு என்று எழுதிவிட்டு அவள் ஒன்பது தடவை அலைந்தாள். சுவர் இன்னும் அப்படியேதான் நிற்கிறது, அலைந்ததில் முட்டிதான் போயிற்று. அதற்கப்புறம் அவளும் எல்லாரையும் போலத் தேறிவிட்டாள். மரம், இல்லை. கட்டடம், இல்லை. பாம்பு, இல்லை. இதற்கு ஆபீஸில் இன்மை அறிக்கை என்று பெயர். இன்மை அறிக்கை கொடுக்கிற பள்ளிதான் நல்ல பள்ளி. அன்றைக்கும் அப்படித்தான், சத்துணவுக்கு முட்டை வந்து இறங்கிய நேரம், ஒரு கையில் முட்டை ரெஜிஸ்தர், மறு கையில் போன், வரிசையாக ஐந்து கேள்வி. முள்ளிக்குண்டு, இல்லை. முள்ளிக்குண்டு, இல்லை. ஐந்தாவதுக்கும் முள்ளிக்குண்டு, இல்லை. அந்த ஐந்தாவது, திருச்சி கோளரங்கத்துக்குக் கல்விச் சுற்றுலா செல்லும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு மாணவர் எண்ணிக்கை. தனுஷ்கோடி அதற்கு ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பதினோரு பிள்ளைகளும் அந்த நேரம் வேப்பமரத்தடியில் முட்டைக்குத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

அதற்கு முந்தின வாரமே அவள் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டிருந்தாள் என்பதுதான் கேடு. தலைமையாசிரியர் கூட்டத்தில், இதுவரை நாற்பது பிள்ளைகள் இருந்தால்தான் பஸ் என்றிருந்த விதியை எடுத்துவிட்டோம், இந்த வருஷம் சின்னப் பள்ளிகளும் போகலாம், மூன்று பள்ளிக்கு ஒரு பஸ் என்று மைக்கில் அறிவித்தார்கள். அவளுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. பதினான்கு வருஷமாக அதே பள்ளி, ஒரு தடவைகூட அந்த ஊர்ப் பிள்ளைகள் எங்கேயும் போனதில்லை. டவுன் பள்ளிப் பிள்ளைகள் துறைமுகம், அணைக்கட்டு, விண்வெளி மையம் என்று போய்வந்து தொப்பி போட்ட படங்களைக் குழுவில் போடுவார்கள், இவள் அதற்கு வாழ்த்துகள் என்று ஒரு பூங்கொத்து அனுப்புவாள். அதனால்தான் மறுநாள் பிரார்த்தனையிலேயே வாய் நிற்காமல் சொல்லிவிட்டாள். எட்டாவது காளிப்பிரியா கையைத் தூக்கி, "அங்க நட்சத்திரத்தப் படுத்துக்கிட்டே பாக்கணுமாமே டீச்சர், பாய் கொண்டாரணுமா?" என்று கேட்டாள். சாய்ந்த நாற்காலி போட்டிருப்பார்கள் என்று சொன்னதும் எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். நட்சத்திரத்துக்கா பஞ்சம் முள்ளிக்குண்டில். மின்சாரம் போனால் வானம் முழுக்க அதுதான், கருவேலங்காட்டுக்கு மேலே கொட்டிக்கிடக்கும், நூற்றி இருபது கிலோமீட்டர் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் இருட்டறையில் உட்காரவைத்து அதையே காட்டுவார்களாம். அவள் இதைக் காளிப்பிரியாவிடம் வேடிக்கையாகச் சொன்னபோது அந்தப் பெண் சிரிக்கவில்லை. "நட்சத்திரம் கெடக்கட்டும் டீச்சர். போயிட்டு வரணும், அவ்வளவுதான்" என்றாள். அவள் அப்பா அம்மா இரண்டு பேரும் கருவேல விறகை எரித்துக் கரிமூட்டம் போட வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார்கள், தீபாவளிக்கு வந்தவர்கள் இனி பங்குனிக்குத்தான், பிள்ளைபெற்று வந்திருக்கிற அக்காவோடு அவள் இருக்கிறாள். ஒன்பதாவது படிக்க ஒன்பது கிலோமீட்டர் போகவேண்டும், அவளை யாரும் அனுப்பப்போவதில்லை, பங்குனியில் மூட்டத்துக்குக் கூடவே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள், இது அவளுக்கும் தெரியும். போயிட்டு வரணும். அவள் சொன்னதில் போவதைவிட அந்த வருவதுதான் அமலோற்பவத்துக்கு எங்கேயோ போய் மாட்டிக்கொண்டது.

பஸ் உரக்கடை முக்கில் நின்று நாலு பேரை ஏற்றிக்கொண்டது. கோழிக்கூடையோடு ஒரு அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்சம் தள்ளி இரு தாயி" என்றாள். தள்ளினாள். தவறுதானே, யாருக்கும் நடக்கிற தவறுதானே, முட்டை எண்ணுகிற நேரத்தில் யாராக இருந்தாலும் இல்லை என்றுதான் அழுத்தியிருப்பார்கள் என்று மனசு நூறாவது தடவையாக ஆரம்பித்தது. ஆனால் தவறுதானா. கல்விச் சு என்கிற எழுத்துகள் திரையில் தெரிந்ததாக இப்போது ஒரு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கே கண்ணில் பட்டதா, இல்லை, பின்னால் பயத்தில் தானாக உண்டாக்கிக்கொண்டதா, எவ்வளவு தோண்டினாலும் பிடிபடவில்லை. கண் பார்த்திருந்தால் விரலுக்குத் தெரிந்திருக்கும். விரலுக்குத் தெரிந்தே போட்டதென்றால் என்ன அர்த்தம். கூட்டத்தில் குளுகுளுவென்று இருந்தது உண்மை, ஆனால் அதே ராத்திரி பயம் பிடித்ததும் உண்மை. கூடவரப் பெண் ஆசிரியை இவள் ஒருத்திதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் போயிராத பிள்ளைகள், வரிசையாக வாந்தி எடுக்கும். நடுவில் எந்த ஓட்டலில் கக்கூஸுக்கு விடுவான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வட்டாரத்தில் சுற்றுலா போன இடத்தில் ஒரு பையன் தண்ணீரில் இறங்கி, வெளியே வரவில்லை. அந்தத் தலைமையாசிரியரை அவளுக்குப் பயிற்சி வகுப்பில் தெரியும், மூக்குப்பொடி போடுவார், தமாஷாகப் பேசுவார். பேப்பரில் அவர் படத்தைப் போட்டார்கள், பள்ளிக்கூட வாசலில் கைகட்டி நிற்கிற மாதிரி. அந்தப் படத்தை வெட்டி வைக்கவில்லையே தவிர அவள் மறக்கவே இல்லை. ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம் நாலு மாசம். இதெல்லாம் சேர்ந்து, முட்டை ரெஜிஸ்தரைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, போன் பிடித்த கையின் விரலில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தால். சே, என்ன நினைப்பு இது. கோழி ஒன்று கூடைக்குள்ளிருந்து தலையை நீட்டி அவள் சேலை நுனியைக் கொத்தியது.

ரயில்வே கேட் போட்டிருந்தது. பஸ் நின்றதும் காற்றும் நின்றுபோய் வேர்வை கழுத்தில் இறங்கியது. அப்போதுதான் வலது பக்கம் வழியை அடைத்துக்கொண்டு மூன்று பஸ் வந்து நின்றன, வெள்ளை பஸ், முகப்பில் பேனர், கல்விச் சுற்றுலா என்று கொட்டை எழுத்து. டவுன் பள்ளி. இன்றைக்கு அவர்கள் முறை என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தும் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் எல்லாம் மஞ்சள் தொப்பி, பாட்டும் கூத்துமாக இருந்தார்கள். அவளுக்கும் ஒரு சுற்றுலா உண்டு, எட்டாவது படிக்கும்போது கன்னியாஸ்திரீகள் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனார்கள். கப்பல் ஞாபகம் இல்லை. எவளோ ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றதும், அந்தக் கை பிசுபிசுவென்று ஈரமாக இருந்ததும், எலுமிச்சைச் சோற்று வாசனையும்தான் ஞாபகம். ஆனால் நாற்பத்தைந்து வருஷமாக, நான் துறைமுகம் பார்த்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த இடத்தில்கூடச் சொன்னாள். ஒன்றும் பார்க்காவிட்டாலும் சொல்லிக்கொள்ள ஒன்று வேண்டும் மனுஷிக்கு. மூன்றாவது பஸ்ஸின் கடைசி வரிசை காலியாக இருந்தது. தண்ணீர்க் கேனும் இரண்டு பையும் உட்கார்ந்திருந்தன. அதற்கு முன் வரிசையில் ஒரு பையன் தனியாகக் காலை நீட்டிப் படுத்திருந்தான். கடைசி வரிசையில் ஆறு பேர் தாராளமாக, நெருக்கினால் எட்டு, முன்னால் மூன்று, அவள் எண்ணவேண்டாம் என்று நினைக்க நினைக்க எண்ணி முடித்தாள். பதினொன்று சரியாக வந்தது. ஜன்னலோரத்துச் சின்னப்பெண் ஒருத்தி இவளைப் பார்த்து டாட்டா காட்டினாள். இவளும் காட்டினாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"டீச்சர், கடிதம் என்னாச்சு?" தனுஷ்கோடிதான். "இன்மை குடுத்த மத்த பத்துப் பள்ளியும் குடுத்தாச்சு. உங்களுது ஒண்ணுதான் பாக்கி. ஏன் யாரும் போகலன்னு மேல கேக்குறாக, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பெத்தவுக கடிதத்த அனுப்பணும்."

"சார், ஒண்ணு சொல்லணும். அது நான் தெரியாம..."

"தெரியாமன்னு வாயால சொல்லுங்க, எழுதிராதீங்க." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். கெட்ட மனுஷன் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டம். "வெள்ளிக்கிழம கடைசி ட்ரிப் ஒண்ணு இருக்கு டீச்சர். மறைக்கல. என் தவறுன்னு நீங்க எழுதிக் குடுத்தா உங்க புள்ளைகள அதுல சேத்துரலாம். ஆனா அந்தக் கடிதம் ஃபைல்ல உக்காந்துரும். விளக்கம் கேப்பாக, மெமோ வரும். ரிட்டயராகுற நேரத்துல மெமோ நிலுவைல இருந்தா என்னாகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"பெத்தவுக விருப்பம் இல்லன்னா மட்டும் கேக்க மாட்டாகளா?"

"யாரு கேக்கப்போறா? கரிமூட்டத்துக்காரனுக்கு விருப்பம் இல்லன்னா அது அவன் இஷ்டம். ஃபைல் அத்தோட க்ளோஸ்." கேட் தூக்கிவிட்டார்கள், எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்ததில் அவர் கடைசியாகச் சொன்னது கேட்கவில்லை. வைத்துவிட்டார்.

மூன்று பஸ்ஸும் முந்திக்கொண்டு போய்ப் புழுதிக்குள் மறைந்தன. அது அவன் இஷ்டம் என்று அவள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள், கோழிக்காரம்மாள் திரும்பிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை. இன்றைக்குத் திங்கள். ஒரு தாள் போதும். ஐயா, முட்டை ரெஜிஸ்தர் வேலையில் இருந்தபோது தவறுதலாக, வேண்டாம், முட்டையைப் பற்றி எதற்கு, என் கவனக்குறைவால், ஆமாம், கவனக்குறைவு நல்ல சொல், என் கவனக்குறைவால் பதினோரு மாணவர்களின் பெயர் விடுபட்டுவிட்டது, அவர்களுக்கும் பெற்றோருக்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை. அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். இதுதான், இதை எழுதிவிட்டால் போதும், மெமோ வந்தால் வரட்டும், மெமோ என்ன பாம்பா. பென்ஷன் ஆறு மாசம் தள்ளிப்போகும், ஒரு வருஷம் தள்ளிப்போகும், பட்டினியா கிடக்கப்போகிறோம். பிள்ளைகளிடமும் சொல்லிவிட வேண்டும், டீச்சர்தான் தப்புப் பண்ணிவிட்டேன் என்று பிரார்த்தனையிலேயே சொல்லிவிட வேண்டும். சொன்னால் காளிப்பிரியா என்ன சொல்வாள். சரி டீச்சர் என்பாள். அந்தப் பிள்ளைகள் எதற்கும் சரி டீச்சர்தான். மனசு லேசானது. வெளியே பார்த்தாள், கண்மாயில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது, இரண்டு கொக்கு நின்றது. உடனே அந்த மூக்குப்பொடிக்காரர் கைகட்டி நிற்கிற படம் கண்ணுக்குள் வந்தது. வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போய் அங்கே ஏதாவது ஆகிவிட்டால். கெஞ்சிக் கேட்டு, எழுதிக்கொடுத்து, தன் தலையிலே தானே வாங்கிக்கொண்டு போனதாக அல்லவா ஆகும். முள்ளிக்குண்டு எல்லாம் எறங்கு என்று கண்டக்டர் கத்தியபோது அவள் வாக்கியத்தை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்திருந்தாள்.

ரோட்டிலிருந்து பள்ளிக்கூடம் அரைக் கிலோமீட்டர். பிள்ளைகள் கண்மாய்க்கரை வரைக்கும் ஓடி வந்துவிட்டார்கள்.

"டீச்சர், மூணு பஸ்ஸு போச்சு! நாங்க டாட்டா காமிச்சோம்!"

"டிவி இருந்துச்சு டீச்சர் பஸ்ஸுக்குள்ள!"

"நம்ம பஸ்ஸு எப்ப டீச்சர் வரும்?"

"நடங்க, நடங்க. வகுப்புல சொல்றேன்" என்றாள். முட்டி வலித்தது. யாரோ கைப்பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார்கள், அவள் கொடுக்கவில்லை. சொல்லிவிடு, நடக்கும்போதே சொல்லிவிடு என்று மனசு ஒவ்வொரு எட்டுக்கும் சொன்னது, வேலி வந்தது, வேப்பமரம் வந்தது, வகுப்புப் படி வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பதினோரு பேரும் எதிரே வந்து உட்கார்ந்து வாயையே பார்த்தார்கள். பாட்டிலை உள்ளே வைக்கப் பையைத் திறந்தபோது தாள்கள் கூடவே வெளியே வந்துவிட்டன. அவள் எடுத்தாளா, அவையாக வந்தனவா, அதுவும் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

"சம்மதக் கடிதமா டீச்சர்?" காளிப்பிரியா எழுந்து வந்து தாள்கட்டை வாங்கிக்கொண்டாள். வகுப்புத் தலைவி என்பதால் எந்தத் தாள் வந்தாலும் அவள்தான் முதலில் உரக்கப் படிப்பாள், அது அந்தப் பள்ளியில் வழக்கம். நிறுத்தற்குறிக்கு நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக, அவளுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே படித்தாள். "அனுப்ப எனக்கு விருப்பம் இல்லை என்பதைத் தங்களுக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." நிறுத்தினாள். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"யாருக்குக்கா விருப்பம் இல்லயாம்?" என்றான் ஆறாவது படிக்கிற ஒருவன்.

காளிப்பிரியா டீச்சரைப் பார்த்தாள். "எங்கப்பா வேணாம்னு சொல்லிட்டாரா டீச்சர்?"

என் கவனக்குறைவால் என்று தொடங்கவேண்டியதுதான் பாக்கி. வாக்கியம் முழுசாக நாக்கு நுனியில் இருந்தது, ஒரு சொல் குறையவில்லை. அமலோற்பவம் வாயைத் திறந்தாள். "ஆமா" என்றாள்.

அந்தப் பெண் தாள்களின் ஓரத்தைத் தட்டிச் சேர்த்தாள். "அவரு அப்பிடித்தான்" என்றாள் பிறகு, யாரிடமோ சமாதானம் சொல்வதுபோல. ஒரு தாளை உருவி மேஜைமேல் வைத்து, குனிந்து, கு. வேலுச்சாமி என்று அப்பாவின் கையெழுத்தைப் போட்டாள், கடைசி எழுத்தை வளைத்துக் கீழே ஒரு கோடு இழுத்தாள். மற்றவர்களுக்கும் அவரவர் அப்பாக்கள் மேல் கோபம் வந்திருக்க வேண்டும், எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மத்ததுலயும் நானே போட்டுறட்டா டீச்சர்? யாரு வீட்டுலயும் ஆளு இல்ல. உதவித்தொகப் பாரத்துலயும் நான்தான போட்டேன், எல்லாரு கையெழுத்தும் எனக்கு வரும்."

அமலோற்பவம் பைக்குள் கைவிட்டுத் துழாவி, கறுப்பு மை பேனா ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"எல்லாத்தையும் ஒரே பேனாவுல போட்டுறாத" என்றாள்.